மங்கினால் நல்லது

மிச்சிகன் ஏரி கரையிலிருந்து இரண்டு மைலுக்குக்
கல்லாகிக் கிடக்கிறது என்கிறான் ஹெர்லாஷ், போனில்.
நிலையத்தின் வெந்நீர் விழும் இடத்தில் மட்டும்
அரைவட்டமாய்த் தண்ணீர், ஆவி, நாற்பது வாத்து,
ஓய்வுபெற்ற லவேர்ன் டெல்வோவின் தூண்டில்.

அவர்தான் அந்தக் கூட்டை உள்ளே இறக்கியவர்,
எழுபத்து மூன்றில், மீசை கறுத்திருந்தபோது.
விரல் நீளத் துண்டுகள் பன்னிரண்டு,
உலைக் கலத்தை அடித்துச் செய்த அதே எஃகில் வெட்டியவை.
கலத்தின் சுவருக்கும் எரிபொருளுக்கும் நடுவே தொங்கவிட்டார்கள்,
சுவருக்கு முன்னால் இவற்றுக்குக் கிழடு தட்டட்டும் என்று.

எல்லாரும் சோற்றுக்குப் பதம் பார்ப்பார்கள்.
நான் பானைக்குப் பார்க்கிறேன்.

ஈயப் பெட்டியில், லாரி ஏறி வந்தது கூடு.
மூன்றடிக் கண்ணாடிக்கு அப்பால்
என் கையல்லாத என் கைகள்
ஒரு துண்டைக் குளிர்வித்து, ஒன்றைச் சூடாக்கித்
தாங்கியில் கிடத்துகின்றன.
ஊசல் சுத்தியல் விழுகிறது.
சத்தம் இந்தப் பக்கம் வராது.

உடைந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.
மங்கி, நார்நாராய் இழுபட்டுக் கிழிந்திருந்தால்
எஃகுக்கு இன்னும் வளைய மனசிருக்கிறது.
சர்க்கரைபோல் மின்னினால் இல்லை.
பளபளப்புக்குப் பயந்து பழகிவிட்டது எனக்கு,
நகைக் கடையிலும்.

அறுபது ஆண்டுக்கு அனுமதி இருக்கிறது.
எண்பது கேட்கிறார்கள்.
"எப்படி?" என்கிறான் தினமும்.
"இன்னும் நாலு இருக்கு."
போன வாரம் அவனுக்குப் பெண் பிறந்தது.
எண்பது முடியும்போது அவளுக்கு இருபத்தெட்டு,
கேட்காமலே சொன்னான்.

ஒன்பதாவது மங்கல். பத்தாவது மங்கல்.
பதினொன்றில் ஓரமாய்க் கொஞ்சம் சர்க்கரை.
கொஞ்சம் என்று எழுத முடியாது, எண் வேண்டும்.
மூன்று முறை அளந்தேன்:
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று.
வளைகோட்டில் அது உட்காரவேண்டிய இடத்திலேயே
உட்கார்ந்தது. அப்புறம்தான் காபி குடித்தேன்.

உள்ளே தொங்குவதற்கு இனிப் புதுத்துண்டு கிடையாது.
உடைந்த பாதிகளையே பற்றவைத்து,
நடுவில் புதுக் கீறல் போட்டுத்
திரும்ப அனுப்பப் போகிறோம்,
பல ஆண்டு கழித்து யாரோ உடைக்க.
குறிப்பேட்டில் அந்த யாரோவின் கையெழுத்துக்குக்
கோடு போட்டு வைத்தேன்.

"கிழவரிடம் சொல்லிவிடு," என்றேன் ஹெர்லாஷிடம்.
சொன்னானாம்.
மீன் கடிக்கிற நேரம், கத்தாதே என்றாராம்.