இரண்டாவது அலை

இரவு இரண்டு நாற்பத்தொன்றுக்கு
கஸப் மலையில் புதைத்த கருவி விழித்தது.
நான் ஆறிப்போன குப்பூஸைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து நிமிடத்தில் முப்பது அழைப்பு.
நக்கீல், பதினேழாம் மாடி: "எங்க கட்டடத்துக்கு நேர் கீழே, மேடம்."
சிமென்ட் ஆலை முகாம்: "இங்கதான். கட்டிலே நகர்ந்துச்சு."
ஒரு சலூன்காரர்: "என் கண்ணாடி மட்டும் உடைஞ்சிருக்கு. என் கண்ணாடி மட்டும்."
ராஸ் அல் கைமா முழுக்க
பூமி அவரவர் காலடியில்தான் தொடங்குகிறது.

இரண்டு பேர் சேர்ந்துதான் கிளம்புகிறார்கள்.
முன்னவள் அவசரக்காரி. தள்ளி, இழுத்து, தள்ளி, இழுத்து
பாறை, எண்ணெய், உப்புநீர் எதற்குள்ளும் புகுந்துவிடுவாள்.
பின்னவள் பக்கவாட்டில் ஆடி ஆடி வருபவள்.
கட்டிலை நகர்த்தியதும் கண்ணாடியை உடைத்ததும் இவள்தான்.
இவளுக்கு நீந்தத் தெரியாது.

தூரம் ஏற ஏற இவள் பிந்துகிறாள்.
முன்னவளுக்கும் பின்னவளுக்கும் நடுவே எத்தனை நொடி?
எட்டால் பெருக்கினால் ஏறக்குறைய கிலோமீட்டர்.
என் படிப்பு அவ்வளவுதான்,
மீதியெல்லாம் பிழை திருத்தம்.

கஸப், பதினொரு நொடி. எண்பத்தெட்டு.
எந்தத் திசையில் என்று நொடிக்குத் தெரியாது.
வட்டம் போட்டேன். அதன் விளிம்பில் எங்கும் இருக்கலாம்:
ஒரு டேங்கரின் அடியில்,
யாரோ தூங்கும் பேரீச்சந்தோப்பில்.
மசாஃபி, பதினேழு. இரண்டாம் வட்டம்
முதல் வட்டத்தை இரண்டிடத்தில் வெட்டியது.
ஒன்று இந்தக் கடல், மற்றது மலைக்கு அந்தப்புறத்துக் கடல்.
ஹத்தா, இருபத்துமூன்று. பயனில்லை.
மூன்று நிலையமும் ஒரே மலைத்தொடரில் வரிசை கட்டி நிற்பவை,
ஒரே இரட்டைப் பதிலைத்தான் சொல்லும்.

எதிர்க்கரை பேசவேண்டும்.

மூன்று மணி நான்குக்கு லிங்கேயிலிருந்து எண் வந்தது: ஏழு.
கணினி நொடியில் முடித்துவிட்டது. நான்
காம்பஸை விரித்து மறுபடி போட்டேன்,
என் கை நம்புவதற்கு.

வட்டங்கள் ஒரு புள்ளியில் கூடவில்லை.
நக அளவு முக்கோணம் ஒன்று மிச்சம் நின்றது.
வட்டம் தாளில் கிடக்கிறது,
உடைந்ததோ பதினாலு கிலோமீட்டர் கீழே.

இடத்தின் பெயர் கேட்கும் கட்டம்.
இந்தத் தண்ணீருக்குப் பெயர் வைப்பதில்
இரு கரைக்கும் பழைய வழக்கு.
'வளைகுடா' என்று எழுதி நிறுத்திக்கொண்டேன்.

காலை ஆறரை. துறைமுகத்து டீக்கடை.
இரவிபுத்தன்துறை காஸ்பர் டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.
"ராத்திரி படகு பாறையில இடிச்சிற்று, மக்களே.
நாப்பது பாகம் ஆழம். அங்க ஏது பாறை?
டார்ச் அடிச்சுப் பாத்தோம், தண்ணி அசையவே இல்ல."
"எத்தனை இடி?"
"ஒண்ணுதான். ரெண்டாவது வரும்னு எல்லாரும் அணியத்தைப் பிடிச்சிட்டு நின்னோம்.
வரல்ல."

கைப்பேசியில் அவர் குறித்துவைத்திருந்த இடம்
என் நகத்துக்குள் விழுந்தது.

முப்பது பேர் தங்கள் காலடி என்றார்கள்.
காலடியிலேயே வைத்திருந்தவருக்கோ
எண்ணிப் பார்க்க இரண்டாவது அலை இல்லை,
எட்டால் பெருக்க ஒன்றும் இல்லை.

"அர்பாப் படகைக் கரையேத்தி அடிப்பலகை பாக்கச் சொல்லிற்றாரு.
செலவு எங்க ஆறு பேர் சம்பளத்தில."

அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தேன்.
நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், அளவு நாலு புள்ளி ஆறு.
அரபியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன் மோசாவிடம்:
படகு எதிலும் மோதவில்லை.
அவள் முத்திரை வைத்து, மை காய ஊதிக் கொடுத்தாள்.

காஸ்பர் தாளைத் தலைகீழாகவும் பார்த்தார்.
"அப்ப பாறை இல்லியா?"

இருந்தது, ரொம்பக் கீழே, என்றேன்.
அதை மட்டும் அர்பாபிடம் சொல்லவேண்டாம்.