மூன்று சைபர்

மண்டூர்த் துறையில் ஏழு பத்து.
பாதை கட்டிலேயே கிடக்கிறது.
நான், ஒரு சைக்கிள், இரண்டு பால் கான்.
"இன்னும் ரெண்டு மோட்டார்சைக்கிள் வரட்டும் கா,
ஒரு ஆளுக்காக இஞ்சினை எழுப்பேலாது"
என்கிறான் வசீகரன்.

சிரிப்பு வந்தது.
இதையேதான் முந்தாநாள் இரவு
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிச் சேர்வருக்கு
எழுதிக் கொடுத்தேன்:

ஒவ்வொரு பக்கெற்றுக்கும் ப்ரொசெசரை எழுப்பாதே.
வந்ததை வளையத்தில் போட்டு வை.
ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்குப் போகிறவை,
இலக்கம் விடுபடாமல் அடுத்தடுத்து வருகிறவை,
அவற்றின் முகவரிகளைக் களைந்து
ஒரே முகவரியின் கீழ் நாற்பதைக் கட்டு.
மறுகா மேலே அனுப்பு.

ஒரு நெஞ்சுக்கூட்டின் எக்ஸ்ரே
பத்தாயிரம் துண்டாய் வரும்.
பத்தாயிரம் தரம் திடுக்கிட்டு எழும்பிய ப்ரொசெசர்
இப்போது இருநூற்றைம்பது தரம் எழும்புகிறது.
"படம் டக்கெண்டு விழுது" என்றாள் றிஸ்மியா.
அன்று இரவு நன்றாய்த் தூங்கினேன்.

நேற்றுப் பின்னேரம் ஆறாம் வாட்டிலிருந்து
ஜெயவதனி மிஸ் எடுத்தா.
"மட்டக்களப்பு டொக்டரோட கதைக்கேலாது பிள்ளை.
நான் சொல்லி முடிச்சாப் பிறகும்
அவர் ஹலோ, ஹலோ எண்டுறார்."

குரல் மெலிசு.
எக்ஸ்ரேயைப் போல அதுக்கு நிரம்பத் தெரியாது.
நேரம் முடியட்டும் என்று
வளையத்தில் குந்தியிருக்கும்.
எவ்வளவு நேரம் என்று நான் எழுதினேன்?
இரவு முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை.

துறை ரோட்டில் ஹோர்ன்.
ஒரு பைக்கில் மூன்று பேர்.
நடுவில் இருப்பவன் காலில் வயற்சேறு,
முழங்காலுக்குக் கீழே இறுக்கிய சாரத் துண்டு,
வாய் மூடவில்லை.
"விரியனோ?" என்று யாரோ கேட்டார்கள்.
வசீகரன் ஒன்றும் கேட்கவில்லை.
கயிறு ஏற்கெனவே அவன் கையில்.

சில பக்கெற்றின் நெற்றியிலும் ஒரு புள்ளி இருக்கும்,
பொறுக்காதே, தள்ளு என்று.
அதைக் கண்டால்
கட்டியது பாதியோ முக்காலோ, அப்படியே அனுப்பவேண்டும்.
குரலுக்கு அந்தப் புள்ளியும் இல்லை.
யாராவது அதுக்காக நினைக்கவேண்டும்.

நடு ஆற்றில் ஒரு கோடு சிக்னல்.
போனிலேயே உள்ளே போய்ப் பார்த்தேன்.
இருநூறு மைக்ரோ செக்கன் என்று நினைத்து
இருநூறாயிரம் அடித்திருக்கிறேன்.
ஒரு செக்கனில் ஐந்திலொன்று.
ஆறாம் வாட்டில் அது
ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு ஒரு கிணறு.

மூன்று சைபரையும் அழித்தேன்.
விரல் ஈரம், இரண்டு தரம் பிழைத்தது.

பின்னால், மண்டூர்க் கரையில்,
நாங்கள் காத்திருந்த அந்த இரண்டு மோட்டார்சைக்கிளும் வந்து
விசில் அடிக்கின்றன.
வசீகரன் திரும்பவில்லை.