ஓரங்குலம்

என் அளவுநாடாவில் முதல் அங்குலம் இல்லை.

இடம்பெயர்ந்த அந்த ஐப்பசியில்
தையல் மெசினைச் சைக்கிளில் ஏற்றி
கயிறு போதாமல்
அண்ணா நாடாவையும் சேர்த்து இழுத்துக் கட்டினான்.
நாவற்குழிப் பாலத்துக்கு அங்கால் எங்கோ
தகர முனை அறுந்து விழுந்தது.
மெசின் பிறகு மிருசுவிலில் அரிசிக்குப் போனது.
நாடா என் கழுத்தில் மிஞ்சியது.

அன்றிலிருந்து ஒன்றில் தொடங்கி அளப்பேன்,
வருவதில் ஒன்றைக் கழிப்பேன்.
கொக்குவிலில் என்னிடம் தைக்கக் கொடுக்கிற பெண்டுகளுக்கு
இது மனப்பாடம்.
"அக்கா, முப்பத்தேழு எண்டால் முப்பத்தாறுதானே?"
முப்பத்தேழாக இருக்க யாருக்கு விருப்பம்.

புதுசு ஒன்று வாங்கியும் பார்த்தேன்,
பெரியகடையில், றோஸ் நிறத்தில்.
ஒரு நூல் பிசகாமல் காட்டியது.
ஆனால் அது ஒருத்தரையும் தொட்டதில்லை.
இப்போது வெண்டிக் கன்றுக்கு
முண்டு கட்டியிருக்கிறேன் அதால்.

இதற்கு ஐயாவின் கழுத்துத் தெரியும், பதினைந்தரை.
மேல் தெறியை ஒருநாளும் பூட்டமாட்டார்,
பூட்டாத தெறிக்கும் கண் வெட்டித்தான் ஆகவேண்டும் என்பார்.
தங்கச்சி மாலினியின் இடுப்புத் தெரியும்,
கலியாணம் வரைக்கும் இருபத்தாறு.
பிரான்சுக்குப் போன பின்
அவளே அளந்து வட்சப்பில் சொல்லுவாள், சென்ரிமீற்றரில்.
நாடாவின் பின்பக்கம்
மற்ற நுனியிலிருந்து தொடங்குகிறது,
அங்கே ஒரு குறையும் இல்லை.
வெளிநாட்டுக்காரருக்குக் கழிக்கத் தேவையில்லை.
எண்ணெய்க் கறைக்குக் கொஞ்சம் கீழே
அவள் இந்த வருஷம் நிற்கிற இடத்தை
விரலால் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருப்பேன்.
மூன்றாவது பிள்ளையை
அவள் வாயால் சொல்லுமுன்
இந்த இடம் சொல்லிவிட்டது.

கொப்பியில் அண்ணாவுக்கு ஒரு பக்கம்தான்.
குகதாசன். சேட்டு. வெள்ளை.
தோள் பதினேழரை. கை இருபத்துநாலு.
மிருசுவிலில், மாமரத்துக்குக் கீழே நிற்கவைத்து அளந்தது.
"மெசினே இல்லை, என்னத்துக்கடி அளக்கிறாய்?"
"மீட்டவுடன தைக்கத்தான். அசையாத."
நாடா அறுந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ.
கழித்து எழுதினேனா,
கழிக்காமல் எழுதினேனா?

திரும்பி வந்த அடுத்த வருஷம்
சந்திச் சென்றியில் அவனை மறித்ததைக்
கண்டவர் இருக்கிறார்.
சைக்கிளைக் கண்டவரும் இருக்கிறார்.

விசாரணைக்குப் போன இடத்தில்
அடையாளம் கேட்டார்கள்.
உயரம், நிறம், மச்சம்.
நான் கை நீளம் சொன்னேன்.
எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.
அதற்கு அவருடைய படிவத்தில் பெட்டி இல்லை.
நல்லதுதான்.
இருபத்துநாலா இருபத்துமூன்றா என்று
திருப்பிக் கேட்டிருந்தால்
என்ன சொல்லியிருப்பேன்.

இந்த ஆவணியில், நல்லூர்த் தேருக்கு
மாலினி பிள்ளைகளோடு வந்தாள்.
மூத்தவன் கிரிஷான், ஆறடிக்குக் கிட்ட.
"பெரியம்மா, எனக்கும் ஒண்டு தையுங்கோ."
மார்பு நாற்பது. அங்கத்தைய வெண்ணெய்.
வயிற்றை எக்கி நின்றான், விட்டுப் பிடித்தேன்.
பிறகு தோள்.
பதினேழரை.
கை.

கொழும்பு ரெயின் போனது.
யன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓயும்வரை
அவனுடைய மணிக்கட்டில்
நாடாவைப் பிடித்தபடி நின்றேன்.
"முடிஞ்சுதா?" என்றான்.
"அசையாத" என்றேன்.

அன்றைக்குக் கழிக்கவில்லை.
நாடா காட்டியதை அப்படியே எழுதி,
அப்படியே வெட்டி,
இரவிரவாகத் தைத்தேன், வெள்ளைத் துணியில்.
போட்டுப் பார்த்து,
"கொஞ்சம் லூசு, என்ன?" என்றான்.
மாலினி என்னைப் பார்த்தாள்.
அவளும் என்னிடம் தைத்து வளர்ந்தவள்,
என் கைக்கு அப்படி வராதென்று தெரியும்.
ஒன்றும் கேட்கவில்லை.

போன கிழமை படம் அனுப்பியிருந்தான்.
ஏதோ ஒரு மெற்றோவில், கம்பியைப் பிடித்தபடி,
அந்தச் சேட்டோடு.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
கையை மேலே மடித்து விட்டிருக்கிறான்,
இரண்டு மடிப்பு.
அவனும் அப்படித்தான் விடுவான்,
தைத்தது சரியாக இருந்தாலும்.

வெளியே படலைச் சத்தம்.
சங்கீத ரீச்சர், சட்டைத் துணியோடு.
முப்பத்தொன்பது வந்தது.
முப்பத்தெட்டு என்று எழுதினேன்.