நீவாடு

செவ்வாய்க்கிழமை நாலரைக்கு
நண்டு ஏலத்துக்குப் போக எழுந்தேன்.
வலியில்லை, உறுத்தலில்லை.
வலது கண்ணில் சோப்பு பட்டு மூடிக்கொள்ள
இடது கண்ணுக்குக் கண்ணாடி பாதியோடு நின்றது.
நெற்றி உண்டு. மூக்குத்தி வரை உண்டு.
கீழே வாயில்லை, சிலுவைத் தாலி இல்லை.
இருட்டுமில்லை அங்கே.
இருட்டென்றால் தெரியுமே.

பூ விழுந்திருக்கும் என்று
டார்ச் அடித்துப் பார்த்தார் கஸ்மீர்.
விழி பளிங்காக இருந்ததாம்.
அன்றைக்குக் கொடுக்கு கட்டும்போது
இரண்டு தடவை கடி வாங்கினேன்.

ராமநாதபுரத்தில் நல்ல கண்ணைப் பஞ்சால் மூடி
வெள்ளைக் கிண்ணத்துக்குள் பார்க்கச் சொன்னார்கள்.
புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்கணும்.
மேலே வந்தன,
பின்னிரவில் வலைக்குப் போகிற வத்தைகளின்
விளக்கு மாதிரி
ஒன்று, அப்புறம் ஒன்று.
பிறகு வெகுநேரம் எதுவுமில்லை.
இயந்திரம் மட்டும் கிர்ரென்று திரும்பிக்கொண்டிருந்தது.
எனக்குத் தெரியாமல் கீழே
எத்தனை வத்தை போயிற்றோ.

டாக்டர் சின்னப் பொண்ணு.
"பார்வை நரம்போட நுனிக்கு ரத்தம் போகலை.
தூக்கத்துல பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கும்.
சன்னமான குழாய்ம்மா, ஓட்டம் குறைஞ்சுபோச்சு."

ஓட்டம் என்றால் எங்களுக்கு நீவாடு.
வாநீவாடா சோநீவாடா என்று
கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி
விரலால் பார்த்துவிட்டுத்தான் வலை விடுவார் கஸ்மீர்.
என் தலைக்குள் கல் இறக்கிப் பார்த்தவர் யார்?
வடகடலில் சில நாள் தண்ணீர் உள்வாங்கி
வத்தையெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடக்கும்.
மத்தியானம் திரும்பி வரும், மிதந்துவிடும்.
"இது மிதக்குமா?" என்று கேட்டேன்.
என்ன கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.
தாளைத் திருப்பிக் காட்டினாள்.
பாதி கறுப்பு.

"ராத்திரி மாத்திரை எத்தனை?"

திங்கள் ராத்திரி தலை கனத்தது.
இன்னொண்ணு போட்டா தூங்கிருவே என்று
இரண்டாவதைப் பிரித்துத் தந்தவர்
பக்கத்தில்தான் நின்றார்.
பஞ்சை இன்னும் எடுக்கவில்லை.
முகம் இருந்தது அவருக்கு, கைகள் இல்லை.
புருவம் ஏறிற்று.
சொல்லப் போகிறார்.
காலால் துழாவி அவர் காலை மிதித்தேன்.
"ஒண்ணுதான் டாக்டர்."

அடுத்த கண்ணுக்கும் வரலாமாம்.
இனி மாத்திரை காலையில் மட்டும்.

பஸ் உச்சிப்புளி தாண்டும்வரை அவர் பேசவில்லை.
பிறகு, "ஏன் மிதிச்சே?"
"எனக்குத்தான் கீழ தெரியாதுல்ல" என்றேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போதெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.
நாடி எண்ணத் தெரியாது அவருக்கு.
கல் கட்டிய கயிற்றைப் பிடிக்கிற அதே இரண்டு விரல்.
ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்.
நான் தூங்குகிற மாதிரியே கிடக்கிறேன்.