படிக்க மட்டும்

துரைப்பாக்கத்தில் கரன்ட் போனது
பதினொன்று நாற்பதுக்கு.
இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை மாதமோ,
ஒரு முனகலோடு அதுவும் படுத்தது.
வீங்கிய பேட்டரியைக் கழற்றிவிட்டு
வயரிலேயே பிழைத்துக்கொண்டிருந்த லேப்டாப்
சொல்லாமல் கொள்ளாமல் போனது.

வெளிச்சம் வந்தபின்
மெஷின் எழுந்தது.
மெஷினுக்குள் இருந்த மெஷின் எழவில்லை.
கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு சின்னக் கோடு
எதையோ சொல்ல வந்து
மறந்து நிற்கிறது.

கடைசி ஸ்னாப்ஷாட் பங்குனியில் எடுத்தது.
இது ஐப்பசி.

அம்பத்தூரில் நைட் ஷிப்டிலிருந்த கிரேஸ்லினை எழுப்ப வேண்டியிருக்கவில்லை.
"எதையும் தொடாதே.
முதல்ல டிஸ்க்கைக் காப்பி எடு.
காப்பியைத் திற, அதுவும் படிக்க மட்டும்."
பின்னால் யாரோ அவளிடம் டீ வேண்டுமா என்றார்கள்.
அறுபது ஜிபி.
இன்னும் இரண்டு மணி நேரம் என்றது,
பிறகு நான்கு என்றது,
பிறகு எதுவும் சொல்லவில்லை.
ஜன்னலைத் திறந்தேன். பள்ளிக்கரணைப் பக்கமிருந்து
குப்பை எரியும் வாசனை. மூடினேன்.

மூன்றரைக்கு இன்னொரு காப்பி எடுத்து
பழுதுபார்க்க விட்டேன்.
இது உடைந்திருக்கிறது, திருத்தவா?
ஆம்.
இது யாருடையது என்று தெரியவில்லை, வைத்துக்கொள்ளவா?
ஆம்.
நள்ளிரவில் ஆட்டோக்காரர் கேட்கும் தொகைக்குச் சொல்வதுபோல
ஆம், ஆம், ஆம்.

பெயரெல்லாம் உதிர்ந்து
வெறும் எண்களாக ஒரு கூடையில் கிடந்தன கோப்புகள்.
ஒவ்வொன்றாய்த் திறந்தேன்.
பாதி லாக். வெறும் பூஜ்யங்கள்.
பதினோரு நாள் எழுதிய வட்டிக் கணக்கு
மூன்றாவது வரியில் நின்றுபோயிருந்தது,
அடைப்புக்குறிகூட மூடாமல்.
அதற்கடுத்த கோப்பில்
சோதனைக்காக நான் பெயர் வைத்த வாடிக்கையாளர்கள்,
பஸ் ஜன்னலில் பார்த்த வரிசையில்:
கந்தன்சாவடி, வயது நாற்பத்தொன்று.
மேட்டுக்குப்பம், வயது முப்பத்துநாலு, நிலுவை இல்லை.
காரப்பாக்கம், விதவை, இரண்டு நகைக்கடன்.
செம்மஞ்சேரி, முகவரி தெரியவில்லை.
ஒருவர் விடாமல் இருந்தார்கள்.
சிரித்துவிட்டேன். மேல்வீட்டில்
யாரோ செருப்பை இழுக்கும் சத்தம்.

விடியும்போது லாகின் ஆனது.
பழக்கத்தில் மேல்நோக்கிய அம்பை அழுத்தினேன்,
மூன்று வருடக் கட்டளைகள் அங்கேதான் இருக்கும்.
ஒன்றுமில்லை.
மறுபடி அழுத்தினேன்.
அப்புறம் விரல்களை விசைப்பலகையில் வைத்துவிட்டு
அவை என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
முதல் கட்டளையை அவை மறக்கவில்லை.
இரண்டாவதில் ஒரு கோடு விட்டுப்போயிற்று.

தெருவில் தண்ணீர் லாரி ஹாரன்.
இன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும், ஊதிய பேட்டரியை
எங்கே போடுவது என்று கேட்க வேண்டும்,
வட்டியை முதலிலிருந்து எழுத வேண்டும்.
அதற்கு முன் ஸ்னாப்ஷாட்.
பெயர் என்ன என்று கேட்டது.
தேதியைப் போட்டு, அழித்துவிட்டு
'கந்தன்சாவடி பிழைத்தார்' என்று அடித்தேன்.