அடித்து எழுதிய பேர்

தண்டையார்பேட்டை தாலுக்கா ஆபீசில்
மூணாவது ஜன்னல் சொன்னது:
"பூர்வீகத்துக்கு ஆதாரம் கொண்டாங்க."
பையனுக்குச் சாதிச் சான்றிதழ்.
எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு சாதி,
திங்கட்கிழமை ஒரு சாதி.

அப்படித்தான் வந்தேன்,
ராயபுரத்தில்
சரக்கு ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி அதிரும்
இந்த மிஷன் கோவிலுக்கு.
கோவில்பிள்ளை ஏசுவடியான் பீரோவைத் திறந்தார்.
பூச்சி உருண்டை வாசனை.
"நீங்க தொடாதீங்க, நான் திருப்புறேன்."
அவர் திருப்பியும் உதிர்ந்தது.

தாது வருஷத்துக்கு முந்தி
துறைமுகம் வெறும் பேச்சு.
கப்பல் தூரத்தில் நிற்கும்.
படகுக்கும் மணலுக்கும் நடுவே, இடுப்பளவு அலையில்,
டாம்லின் துரையைத் தோளில் தூக்கி
இறக்கிவிட்டவன் கன்னிமுத்து.
சுவிசேஷம் எங்கள் கரைக்கு நடந்து வரவில்லை.
எங்கள் கழுத்தில் கால் போட்டு
வாந்தி எடுத்துக்கொண்டே வந்தது.

இது வீட்டுக் கதை.
ஏட்டில் இருப்பது:
கொன்னிமூட்டு, கூலி, வயது சுமார் முப்பது.
அதன்மேல் ஒரு கோடு.
பக்கத்தில், அழகான சாய்ந்த எழுத்தில்,
சாலமோன்.

பஞ்சத்தில் கால்வாய் வெட்டினார்கள்.
கலெக்டரின் ஆள் மண் கூடைகளை எண்ணினான்.
பாதிரி ஆத்துமாக்களை எண்ணினார்.
இரண்டு ஏட்டுக்கும் கோடு போட்டது ஒரே அச்சாபீஸ்.
அவன் கூலியைக் குறைத்தான், இவர் கஞ்சி ஊற்றினார்,
சாயங்காலம் இருவருக்கும் ஒரே பங்களாவில் தேநீர்.
கஞ்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.
அது இல்லையென்றால்
ஜன்னலில் நிற்க நான் ஏது.

வராதே என்று சொல்லாத வாசல்
ஊரில் அது ஒன்றுதான்.
உள்ளே போனபிறகு தெரிந்தது,
கர்த்தர் வீட்டிலும் குறுக்கே ஒரு கயிறு.
சீமையிலிருந்து வந்ததல்ல.
தேங்காய் நார். நம்மூர்க் கயிறு.

மனைவி: எல்லம்மா.
கோடு இல்லை. எழுத்துப் பிழைகூட இல்லை.
ஓரத்தில் பாதிரி இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்:
வந்தாள். நின்றாள். மறுத்தாள்.
நாற்பது பக்கத்தில்
பேர், தேதி, தொழில் தாண்டி
ஒரு மனுஷியைப் பற்றி இருப்பது
இந்த மூன்று சொல்தான்.

ஆறு வருஷம் கழித்து
அவளே வந்திருக்கிறாள், மகளோடு.
தண்ணீர் வேண்டாமாம்.
பலகையும் பல்பமும் போதுமாம்.
பேரம் நடந்திருக்க வேண்டும்;
யார் ஜெயித்தார்கள் என்று ஏட்டைப் பார்த்தால்,
தவமணி. கோடு. தொற்காள்.

பாதிரிதான் என்று நினைத்தேன்.
ஏசுவடியான் இன்னொரு ஏட்டை எடுத்தார், கலியாண ஏடு.
சாட்சி, கைநாட்டு. சாட்சி, கைநாட்டு.
மாப்பிள்ளை, ஒரு பெருக்கல் குறி.
மணமகள்
கோணல்மாணலாக, மை சிந்தி,
அவர் சொல்லிக்கொடுத்த எழுத்தில்
அவர் அடித்த பேரை எழுதியிருந்தாள்.
தவமணி.
துணைக்கால் கொஞ்சம் நீளம்.

போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன்.
மூணாவது ஜன்னல் பெரிசாக்கிப் பார்த்தது.
"ரெண்டு பேரு இருக்கே. எதைப் போடறது?"
ரெண்டும் நாங்கதான் சார் என்றேன்.
"கட்டம் ஒண்ணுதான்."
பின்னால் நின்றவர் செருமினார்.
மணி ஒன்றானது.
ஜன்னல் பலகை இறங்கியது.