மூன்று டெசிபல்

வில்பர்ட் கப்பலேறிப் பதினோரு நாள்.
அவன் அடித்துவிட்டுப் போன நாலரை நிமிடம்
தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில்
என் லேப்டாப்புக்குள் கிடக்கிறது.
இரண்டே மைக்.
ஒன்று துணிக்கொடியில் தலைகீழாகத் தொங்கியது,
ஒன்று கிக் டிரம்மின் வயிற்றுக்கு எதிரே
செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது.
ஸ்நேரைக் கொஞ்சம் ஏற்றினால்
சிம்பலும் கூடவே ஏறிவருகிறது,
ஒருத்தரைச் சாப்பிடக் கூப்பிட்டால்
மச்சானையும் அழைத்து வருவதுபோல.

என் பக்கம் ஏழு சிந்த்.
ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டால் அழகு.
அதுதான் சிக்கலே.

பகலில் நான் லேபில் வேலை.
ஊரார் ரத்தத்தைக் குழாயிலிட்டுச் சுழலவிட்டால்
பத்தே நிமிடம்:
சிவப்பு கீழே, மஞ்சள் மேலே,
நடுவே ஒரு மெல்லிய கோடு.
இது அப்படிப் பிரிவதில்லை.
எத்தனை முறை சுழலவிட்டாலும்
கிக்கும் பேஸும் ஒரே கலங்கல்.

நேற்று ராத்திரி பேஸ் அதிகமென்று குறைத்தேன்.
விடிந்து கேட்டால் எலும்பும் தோலுமாக இருக்கிறது.
எண்ணூர் ஹைரோட்டில் போன கன்டெய்னர் லாரிகளை
என் பேஸ் என்று நினைத்துக் குறைத்திருக்கிறேன்.

பிறகு ஒரு வழி கிடைத்தது.
கிக் விழும்போதெல்லாம் பேஸ் ஒரு கணம் ஒதுங்கட்டும்.
எங்கள் சந்தில் தண்ணீர் கேன் வண்டி நுழைந்தால்
வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள்
பேச்சை நிறுத்தாமலே
காலை மட்டும் மடக்கிக்கொள்வார்களே,
அவ்வளவுதான்.
வண்டி போனதும் கால் தானாக நீளும்.

மிக்ஸ் முடிந்துவிட்டதென்று எண்ணி
மணிக்கூண்டு டோல்கேட் ஷேர் ஆட்டோவில்
எத்திராஜிடம் போனைக் கொடுத்துப் போடச் சொன்னேன்.
பின்சீட்டுக்கு அடியில் அவன் ஸ்பீக்கர்.
ஏழில் ஐந்து சிந்த்தைக் காணவே காணோம்.
மிச்சமிருந்ததில் ஒன்று,
நான் மூன்று வாரம் செதுக்கியது,
உச்சத்தில் மின்னிக்கொண்டு நுழைந்ததும்
எதிரே இருந்த அம்மா பையைத் துழாவினார்.
பக்கத்துப் பையன் சட்டைப்பையைத் தொட்டான்.
"யாரு போனோ அடிக்குது பாரு."
யாரும் எடுக்கவில்லை. நானும்தான்.

நாலாவது நிமிடத்தில் எத்திராஜ் திரும்பினான்.
"மியூசிக்கு சூப்பரா கீது.
பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?"
விரல் மட்டும் ஹேண்டில்பாரில்
ஸ்நேரைத் தட்டிக்கொண்டே இருந்தது,
அவனுக்கே தெரியாமல்.

அன்றிரவு நாலு சிந்த்தை எடுத்தேன்.
போன் மணியை முதலில்.
மிஞ்சிய மூன்றையும் மூன்று டெசிபல் இறக்கினேன்.
டிரம்ஸை ஏற்றவில்லை,
ஆனால் ஏறியிருந்தது.
அறை பெரிதானதுபோல் இருந்தது;
பீரோவை யாரோ வெளியே தூக்கிப்போன மாதிரி
ஒரு வெள்ளைச் செவ்வகம் சுவரில்.

இன்னும் ஓரிடம் பாக்கி.
மூன்றாம் நிமிடம், மெட்ரோ வாட்டர் லாரி
கீழே வந்து அடித்த ஹாரன்
கொடியில் தொங்கிய மைக்கில் விழுந்திருக்கிறது.
அங்கே வில்பர்ட் ஒரு நூலளவு தாமதிக்கிறான்.
திடுக்கிட்டானா, சிரித்தானா, தெரியாது.
கட்டத்துக்குள் இழுத்து அவனை நேராக்கிவிடலாம்,
ஒரு கிளிக் போதும்.

அன்று இருந்தது ஒரே ஹெட்போன்.
அதை நான் மாட்டியிருந்தேன்.
என் சிந்த் ஒரு சொட்டும் அவன் காதில் விழவில்லை.
என் தலை ஆடுவதைப் பார்த்தே
நாலரை நிமிடமும் அடித்தான்.

மூன்று சிந்த்தையும் பிடித்து
அவன் தாமதத்துக்கு நகர்த்துகிறேன்.
ஹாரன் இருக்கட்டும்.
ஏறக்குறைய அதே சுருதிதான்,
கொஞ்சம் தூக்கல்.